சட்டைக்கு அடியில ஒளிச்ச அட்டை

வாடா பேராண்டி, இப்படி உக்காரு. திண்ணைல கொஞ்சம் தூசி இருக்கு. மெட்ராஸ் பேண்ட்டுன்னாலும் தூசி பட்டா செத்துப்போகாது.

உன் அழுக்குத் துணியை ஊறப்போடப் போன பாட்டி, பெட்டிக்குள்ள இருந்து இதைக் கொண்டாந்து என் மடியில போட்டா. மூணு சட்டை, ரெண்டு பேண்ட்டு, ஒரு துண்டு, அதுக்கும் கீழ இது. எங்க வயசுல நாங்க பீடிக்கட்டைக்கூட இவ்வளவு பத்திரமா ஒளிச்சதில்லடா. பீடின்னு நெனச்சுத்தான் முதல்ல நானும் கையை நீட்டினேன். பாத்தா மாத்திரை அட்டை. மூணு அட்டை, சீட்டும் சுத்தி வச்சிருக்கு. ஒரு அட்டையில மட்டும் அஞ்சு ஓட்டை. சீட்டுல தேதி போன மாசம். எட்டாங்கிளாஸ்ல ரெண்டு தடவை கணக்குல கோட்டை விட்டவன் நான். எனக்கே கணக்கு வருது: அஞ்சு நாள் முழுங்கியிருக்க, அப்புறம் மருந்துக்கு விடை குடுத்து அனுப்பிட்ட.

அமிட்ரிப்டிலின், 25 மில்லிகிராம், ராத்திரிக்கு ஒண்ணு. "அது சும்மா தலைவலி மாத்திரை தாத்தா"ன்னு சொல்லப் போற. சொல்லு, நானும் கேட்டுக்கிறேன். ஆறு வருசத்துக்கு முன்னாடி இதே திண்ணையில உக்காந்து நானும் "சும்மா கால் எரிச்சல் மாத்திரை"ன்னுதான் ஊரை ஏமாத்துனேன். பொய் சொல்றதுல நீ எனக்குப் பேரன்தான், சந்தேகமே இல்ல.

எனக்குச் சர்க்கரை இருபது வருசப் பழக்கம். ராத்திரியானா பாதம் ரெண்டும் தணல்ல வச்ச மாதிரி எரியும். ஈரச்சாக்கைப் போத்திக்கிட்டுப் படுத்திருக்கேன். ஆஸ்பத்திரில ஒரு அம்மா, உங்க சின்னத்தை வயசுதான் இருக்கும், இந்த மாத்திரைல 10 மில்லிகிராம் எழுதிக் குடுத்துச்சு. மெடிக்கல்ல வாங்குறப்போ கடைப்பையன் பக்கத்துல நின்னவங்கிட்ட "மனசோர்வு மாத்திரைண்ணே"ன்னு மெதுவாச் சொன்னான். எனக்கு வந்துச்சு பாரு கோவம். எரியுறது என் காலு, மருந்து என் மண்டைக்கான்னு திரும்பிப் போய் அந்த அம்மாகிட்ட சண்டை. அது சிரிச்சுக்கிட்டே சொல்லுச்சு: "ஐயா, மனசும் நரம்பு வழியாத்தான் பேசுது, காலும் நரம்பு வழியாத்தான் எரியுது. கொஞ்சமாக் குடுத்தா நரம்பு எரிச்சல் அடங்கும், ஒத்தைத் தலைவலி அடிக்கடி வராமத் தடுக்கும். கூட்டிக் குடுத்தா மனசோர்வுக்கு." எனக்கு அன்னைக்குப் புரிஞ்சதைவிட அந்தச் சிரிப்புத்தான் புரிஞ்சது.

இதோட பூர்வோத்தரம் உன் தங்கச்சி சொல்லித்தான் எனக்குத் தெரியும். பார்மசி படிக்கிறாளே, லீவுல வந்தா எனக்கு இதே கதைதான். ஸ்விட்சர்லாந்துல ஒரு ஏரிக்கரை ஊராம், மூன்ஸ்டர்லிங்கன். அங்க இருந்த மனநல ஆஸ்பத்திரில ரோலண்ட் கூன்னு ஒரு டாக்டர். பாசல் ஊரு கெய்கி கம்பெனி ஒரு சரக்கை அனுப்பி, மனச்சிதைவுக்காரங்களுக்கு இது கேக்குமான்னு பாக்கச் சொல்லுச்சாம். கேக்கல. அதுவரைக்கும் அடங்கிக் கெடந்த சிலபேரு துள்ளிக்கிட்டு எந்திரிச்சுட்டாங்க. ஒருத்தன் ராத்திரி உடுப்போட சைக்கிள்ல ஏறிப் பாட்டுப் பாடிக்கிட்டே பக்கத்து ஊருக்குப் போயிட்டான்னு ஒரு கதை சொல்றாங்க. நம்ம ஊரா இருந்தா சாமி வந்துருச்சுன்னு வேப்பிலை அடிச்சிருப்போம். அந்த மனுசன் வேற மாதிரி யோசிச்சாரு. துள்ளுறவனுக்கு ஆகாத மருந்து, துவண்டு கெடக்கிறவனுக்கு ஆகுமோன்னு 1956ல மனசோர்வுக்காரங்களுக்குக் குடுத்துப் பாத்தாரு. ஆச்சு. அடுத்த வருசம் சூரிச்ல உலக மாநாட்டுல அதைப் பத்திப் பேசுனப்போ கேக்க உக்காந்திருந்தது பத்துப் பன்னெண்டு பேராம். நம்ம பஞ்சாயத்துக் கூட்டமே தேவலை. அதுதான் இமிப்ரமின். 1958ல கடைக்கு வந்துச்சு. உன் அட்டைல இருக்கிற அமிட்ரிப்டிலின் அதோட தம்பி, 1961ல அமெரிக்காவுல வித்தாங்க. நார்ட்ரிப்டிலின், க்ளோமிப்ரமின், டோசுலெபின்னு இன்னும் பங்காளிங்க உண்டு. எல்லாத்துக்கும் உடம்புல மூணு வளையம், அதனால மூவளைய மருந்துன்னு குடும்பப் பேரு.

அதே ஆஸ்பத்திரில நோயாளிங்ககிட்ட ஒழுங்காச் சொல்லாமக் கேக்காம வருசக்கணக்கா மருந்துகளைச் சோதிச்சுப் பாத்தாங்கன்னு பின்னாடி விசாரணை நடந்து, 2019ல அறிக்கையும் வந்துச்சாம். அங்க டாக்டரு கேக்கல. உன் கதை தலைகீழ். டாக்டரு கேட்டாரு, நீ பதில் சொல்லல.

முழிக்காத. "வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?" இல்லைன்னிருப்ப. "குடிப்பழக்கம்?" சேச்சேன்னிருப்ப. வெள்ளிக்கிழமை ராத்திரி நீ போன்ல என்கிட்ட "தாத்தா ஐ லவ் யூ"ன்னு நாலு தடவை சொல்றது வெறும் பாசமாடா? உன்னைக் குத்தம் சொல்லல. நான் சொன்ன பொய்யையும் கேட்டுக்க.

அந்த அம்மா என்கிட்டயும் ஒவ்வொண்ணா கேட்டுச்சு. கடைசியா, "ஐயா, ஒண்ணுக்குப் போறதுல சிரமம் உண்டா?" ரெண்டு வருசமா எனக்கு அந்தச் சங்கதி சொட்டுச்சொட்டாத்தான். வாசல்ல நின்னா பக்கத்து வீட்டு மாடு அசைபோட்டு முடிச்சிரும், எனக்கு முடியாது. மகள் வயசுப் பொண்ணுகிட்ட அதைப் போயி எப்படிடா சொல்றது? தோள்ல துண்டை உதறிப் போட்டுக்கிட்டு, "அருவி மாதிரி போகுதும்மா"ன்னேன். பத்துல ஒண்ணும் ஆகல. அப்புறம் எரிச்சல் அடங்கலன்னு 25 ஆக்குச்சு. நாலாம் நாள் ராத்திரி அருவி நின்னு போச்சு. ஒரு சொட்டு இல்ல. அடிவயிறு தவில் மாதிரி விண்ணுன்னு ஏறி நிக்குது. ரெண்டு மணிக்கு ஆட்டோவுல தூக்கிப்போட்டு ஓடுனாங்க. ட்யூபு போட்டு எடுத்தாங்க பாரு, ஒரு குடம். காலைல அந்த அம்மா வந்து சீட்டைப் பாத்துட்டு, ரொம்ப மரியாதையாத்தான் கேட்டுச்சு: "அருவிக்கு என்ன ஆச்சுங்கய்யா?"

மாத்திரை மேல பழியில்ல. அது தன் வேலையைத்தான் செஞ்சுச்சு. அதோட வேலைதான் நாலு. மூளைல ஒரு நரம்பு இன்னொரு நரம்புக்குச் சேதி சொல்ல செரோட்டோனின், நார்அட்ரினலின்னு சரக்கு அனுப்புது. அனுப்புன கையோட பாதியைத் திருப்பி வாங்கிக்கும், பந்தி முடியுறதுக்குள்ள எழுதுன மொய்யைத் திருப்பிக் கேக்குறவன் மாதிரி. இந்த மாத்திரை அந்தத் திருப்பி வாங்குற வாசலைச் சாத்துது. அவ்வளவோட நிறுத்துனா உத்தமன். போற வழியில வேற கதவையும் சாத்திட்டுப் போகும். ஊமத்தங்காய் தின்னவனைப் பாத்திருக்கியா? வாய் வறண்டு, கண்ணு மங்கி, நெஞ்சு படபடன்னு அடிச்சு, ஒண்ணுக்கு நின்னு, செவுத்துகிட்ட பேசிக்கிட்டு நிப்பான். ஊமத்தை சாத்துற அதே கதவைத்தான் இதுவும் சாத்துது, கொஞ்சமா. அதனாலதான் உனக்கு நாக்கு பனையோலையாக் காஞ்சது, மூணு நாளு வெளிக்கிப் போகல. இன்னொரு கதவு தூக்கத்துக்கும் பசிக்கும். இன்னொண்ணு ரத்த அழுத்தத்துக்கு. படுத்தவன் விசுக்குன்னு எந்திரிச்சா ரத்தம் மேல ஏற நேரமாகும், தலை சுத்தி விழுவான். இளவட்டம் நீ விழுந்தா முட்டி சிராய்க்கும், நான் விழுந்தா இடுப்பு எலும்பு. வயசாளிகளுக்கு இதை யோசிச்சு யோசிச்சுக் குடுக்கிறது அதனாலதான். புத்தி தடுமாறும், ராத்திரில எந்த வீடுன்னே தெரியாம நிப்போம்.

இதுக்கெல்லாம் மருந்தை நிறுத்துறதா வழி? கட்டில்ல எந்திரிச்சு உக்காரு. காலைத் தொங்கப்போட்டு, நேத்து உனக்கு யாரு கடன் தரணும்னு ஒரு கணக்குப் போடு, அப்புறம் எந்திரி. பக்கத்துல சொம்புல தண்ணி வச்சுக்க. வாய் வறண்டா நெல்லிக்காயை ஒதுக்கிக்க. மிட்டாயை ஒதுக்காத, எச்சி ஊறாத வாயில சக்கரை நின்னா பல்லு போகும். வாழைத்தண்டு, கீரைன்னா மூஞ்சியைத் திருப்புவியே, இப்பத் தின்னு. ராத்திரி படுக்கப் போறப்போ மாத்திரை போடு. முதல் ரெண்டு வாரம், காலைலயும் அசமந்தமா இருந்தா பைக்கைத் தொடாத, பஸ்ல போ. எப்பவாவது ஒருத்தருக்கு ஒண்ணுக்கு நீலம்பச்சையாப் போகும், அதுக்குப் பயந்து மந்திரிக்கப் போகாத.

இப்ப நீ ஒளிச்ச விசயத்துக்கு வாரேன். போன வாரம் தும்மலுக்கு மெடிக்கல்ல ஏவில் வாங்கிப் போட்டியா? வயித்துவலிக்கு டைசைக்ளோமின்? ரெண்டும் அதே ஊமத்தைக் கதவைச் சாத்துற சாதி. மூணும் சேந்தா வீடே இருட்டு. உன் மாமன் முதுகுவலிக்குப் போடுற டிரமடாலு இதோட சேந்தா வலிப்பு வரவழைக்கும், செரோட்டோனின் மிஞ்சிப்போய் உடம்பு நடுங்கிக் கொதிக்கும். வேற டாக்டர் எழுதுன ஃப்ளூஆக்ஸெட்டின் உள்ள இருந்தா, ஈரல் இந்த மாத்திரையைக் கரைக்கிறதை அது மட்டுப்படுத்தும். 25 முழுங்குனவனுக்கு ரத்தத்துல அதுக்கு மேல ஏறி நிக்கும். பிராந்தி, பீரு வேண்டவே வேண்டாம். குடியும் மாத்திரையும் ரெண்டுமே தூங்கவைக்கிற சரக்கு, யாரு மூச்சைப் பாத்துக்கிறது? கண்ணுல பிரசர், முன்ன மாரடைப்பு, நெஞ்சுத் துடிப்புல கோளாறு, காக்கா வலிப்பு, ஈரல் சங்கதி, வயித்துல புள்ளை, எதுவா இருந்தாலும் டாக்டர் கேக்குறதுக்கு முன்னாடியே சொல்லிரணும். ஈசிஜி எடுக்கச் சொன்னா "எனக்கு மனசுலதான கஷ்டம், நெஞ்சுல ஏன் ஒயரு"ன்னு வியாக்யானம் பேசாம எடுத்துக்கணும். இந்த மாத்திரை கையை வைக்கிற இடத்துல இருதயமும் ஒண்ணு.

எப்பவாவது ரெண்டு மூணு நாளு தூக்கமே இல்லாம, களைப்பும் இல்லாம, கையில இருக்கிற காசெல்லாம் வாரி விட்டுக்கிட்டு, ஊரையே விலைபேசுற மாதிரி திரிஞ்சிருக்கியா? திரிஞ்சிருந்தா அதையும் சொல்லணும். அந்த மாதிரி ஆளை இந்த மாத்திரை சைக்கிள்ல ஏத்தி விட்டுரும்.

நான் மறைச்சதுல எனக்கு ஒரு ட்யூபு. அதோட எனக்கு வேற மாத்திரை மாத்திட்டாங்க, காலும் இப்பப் பரவால்ல. நீ மறைச்சதுல என்ன ஆச்சுன்னு பாப்போம். அஞ்சு நாள் குடிச்ச, வாய் காஞ்சது, தூக்கம் சொக்குச்சு, மனசு மட்டும் அப்படியே கெடந்துச்சு. "வேலை செய்யல"ன்னு நிறுத்திட்ட. ஏண்டா, உளுந்து விதைச்ச அஞ்சாம் நாள் அருவாளோட போயி நின்னவன் எவனாவது உண்டா? எந்த நெலத்துலயும் களைதான்டா முதல்ல முளைக்கும். உபத்திரவம் முதல் நாளே வரும், உபகாரம் வர ரெண்டு வாரம், நாலு வாரம், சிலருக்கு ஆறு வாரம்கூட ஆகும். தூக்கமும் பசியும் முதல்ல சீராகும், மனசு கடைசியாத்தான் வந்து சேரும். அதுக்குள்ள களை கொஞ்சம் அடங்கியும் போகும். அடங்கலைன்னா அளவைக் குறைக்கணுமா, மாத்தணுமான்னு டாக்டரு பாப்பாரு, நீ பாக்காத.

இப்ப ஒரு விசயம். இதுல கேலி கிடையாது, காதைக் குடு. மருந்து தொடங்குன முதல் சில வாரம், உன்னை மாதிரி இருபத்தஞ்சு தாண்டாத புள்ளைங்களுக்கு முக்கியமா, மனசு தெளியுறதுக்கு முன்னாடி கை காலுக்குத் தெம்பு வந்துரும். இருட்டு அப்படியே இருக்கும், எந்திரிச்சு நடக்க மட்டும் வலு வந்திருக்கும். அந்த நேரத்துல சாகலாம்னு ஒரு நெனப்பு வரும் சிலருக்கு. அது நீ இல்ல, நோவு பேசுது. வந்துச்சுன்னா அந்த நிமிசமே யாருகிட்டயாவது வாயைத் தொறந்து சொல்லணும். ராத்திரி மூணு மணின்னாலும் என்னைக் கூப்பிடு, கிழவனுக்கு எங்க தூக்கம். என்கிட்டச் சொல்லக் கூச்சமா இருந்தா 14416னு ஒரு நம்பர், அரசாங்கத்து டெலிமானஸ், தமிழ்லயே பேசுவாங்க, காசு கெடையாது. உனக்கு வருதான்னு இப்பக் கேக்குறேன். இப்பச் சொல்ல வேணாம். இன்னைக்கு ராத்திரி கட்டிலை வெளிய போட்டுப் படுப்போம், அப்பச் சொல்லு.

அதனாலதான் இந்த அட்டையை உன்கிட்டத் திருப்பித் தரப் போறதில்ல. புதுசா வந்த மனசோர்வு மாத்திரைகளைவிட இந்தப் பழசுங்க அளவு மீறினா ரொம்பப் பொல்லாதது. இருதயத்தைப் பிடிக்கும், வலிப்பு வரும், பேசிக்கிட்டே இருக்கிறவன் கொஞ்ச நேரத்துல சாஞ்சுருவான். விவரமான டாக்டருங்க தொடக்கத்துல ஒரு வாரம், பத்து நாளுக்குன்னுதான் எழுதுவாங்க. நீயே பாரு, நீ செஞ்ச வேடிக்கையை. யாருக்குத் தெரியணுமோ, டாக்டருக்கும் வீட்டுக்கும், அவங்ககிட்ட ஒளிச்ச. யாருக்கு எட்டாம ஒளிக்கணுமோ, அதைச் செய்யல. பூட்டில்லாத பெட்டி, தரையில கெடக்கு. உன் அக்கா மகன் தவழ்ந்துக்கிட்டுத் திரியுறான், பளபளன்னு எது கெடைச்சாலும் வாயிலதான் போடுவான். அந்த வயசுப் புள்ளைக்கு இதுல ஒண்ணு ரெண்டே உயிருக்கு ஆபத்து. முன்ன எல்லாம் படுக்கைல ஒண்ணுக்குப் போற புள்ளைகளுக்கு இமிப்ரமின் குடுத்து, அதை இன்னொரு புள்ளை மிட்டாயின்னு தின்னு எத்தனை வீட்டுல ஓலம்.

யாராவது கூட முழுங்கிட்டாங்கன்னு தெரிஞ்சா, "நல்லாத்தான இருக்கான்"னு பாத்துக்கிட்டு உக்காரக் கூடாது. நம்ம ஊரு வைத்தியம் தெரியும்ல, உப்புத் தண்ணி, சோப்புத் தண்ணி, புளித்தண்ணி. ஒண்ணும் ஊத்தக் கூடாது. அரை மயக்கத்துல வாந்தி எடுத்தா நெஞ்சுக்குள்ள போயிரும். 108ஐக் கூப்பிடு, காலி அட்டையைக் கையோட எடுத்துட்டுப் போ. எதை எவ்வளவுன்னு தெரிஞ்சா ஆஸ்பத்திரில வேலை சுளுவு. இருதயத் துடிப்பு மாறினா சோடியம் பைகார்பனேட் ஊசில ஏத்துவாங்க. ஆப்பசோடாவுக்குச் சொந்தக்காரன்தான் அதுவும். அதுக்காக வீட்டுல பஜ்ஜிக்குப் போடுறதைக் கரைச்சுக் குடுக்காத, என்ன.

மேலத்தெரு மச்சான் கதை உனக்குத் தெரியாது. ஒரு வருசம் ஒழுங்காக் குடிச்சாரு, ஆளு தேறிட்டாரு, பொண்ணு கல்யாணத்துல ஆடுனாரு. மறுநாளே "எனக்குக் குணமாயிருச்சு"ன்னு அட்டையைக் குப்பைல போட்டாரு. ரெண்டாம் நாளு குமட்டல், தலைவலி, தூக்கம் போச்சு, தூங்குனா பேய்க்கனா. செய்வினைன்னு கோழி அறுத்தாரு. கோழி செத்ததுதான் மிச்சம். ஓடுற மாட்டு வண்டியில நொகத்தடியை அவுத்தா வண்டி என்ன ஆகும்? நல்லானதுக்கு அப்புறமும் ஆறு மாசமாவது தொடரணும், நிறுத்துறதுன்னா வாரக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா இறக்கணும், அதுவும் டாக்டர் சொல்ற படியில. ஒரு நாள் மறந்துட்டா மறுநாள் ரெண்டாப் போட்டு ஈடுகட்டாத. அது கடையில பாக்கி வச்ச கணக்கு இல்ல. மச்சான் மிச்சம் வச்சிருந்த இன்னொரு அட்டையை, "உனக்கும் தூக்கம் வரலையாமே"ன்னு கொழுந்தியாளுக்கு தானம் பண்ணாரு. கொழுந்தியாளுக்குக் கண்ணுல பிரசர். அந்தக் கதையை அவகிட்டயே கேளு, என் பேரைச் சொல்லாத.

இந்தச் சீட்டைப் பாரு. நடுவுல ஒரு மாசம் விட்டுட்ட. வீராப்பா இன்னைக்கு ராத்திரியே ஒண்ணை எடுத்து வாயில போட்டுக்கலாம்னு பாக்காத. எங்க இருந்து தொடங்கணும், இதையேதான் தொடங்கணுமா, வேற புதுசு எழுதலாமான்னு அந்த டாக்டருகிட்டப் போன் போட்டுக் கேளு. கேக்குறப்போ வெள்ளிக்கிழமையையும் சேத்துச் சொல்லு. ஏவிலைச் சொல்லு. ராத்திரி என்கிட்டச் சொல்லப் போறதையும் சொல்லு.

அட்டை மூணும் பீரோவுல போகுது. சாவி உன் பாட்டியோட சுருக்குப் பையில. நாப்பத்தெட்டு வருசமா அந்தப் பையில இருந்து ஒத்தை ரூபாயைக்கூட நான் எடுத்ததில்ல, நீ எடுத்துருவியா?